நடுத் தண்டவாளத்திலை நிண்ட ரயில்

தம்பி, இஞ்சாலை வாங்கோ. மஞ்சள் கோட்டுக்கு இஞ்சாலை. வாங்கோ எண்டுறன்!

பாத்தியளோ? இப்ப போனது நிக்கிற ரயில் இல்லை. தூரத்திலை நுளம்பு மாதிரி ஒரு சத்தம் கேக்கும். என்னடா எண்டு திரும்பிப் பாக்க முதல் ஆளைக் கடந்து போயிடும். பேந்துதான் காத்து வந்து இழுக்கும். போன மாரிக்கு ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின்ரை தள்ளுவண்டிலை அப்பிடியே இழுத்துக்கொண்டு போனது. நல்லகாலம், பிள்ளை தாயின்ரை கையிலை.

உள்ளுக்கு வாங்கோ, குளிருக்கை நிண்டு என்ன செய்யப் போறியள்? உங்கடை பஸ் போட்டுது. ரயில் பிந்தினால் பஸ்காரன் பாத்துக்கொண்டு நிக்கமாட்டான். அடுத்தது வரும், ஆறுதலாய் வரும். இதிலை இருங்கோ. கதவடியிலை வேண்டாம், காத்து அடிக்கும். கோப்பி குடிப்பியளோ, தேத்தண்ணியோ? இந்தக் கடையிலை விக்கிற தேத்தண்ணி வாயிலை வைக்கேலாது, நானே சொல்லுறன். எனக்கெண்டு வீட்டிலை இருந்து தேயிலை கொண்டுவாறனான். அதிலை ஊத்தித் தாறன்.

தமிழ் எண்டு முகத்திலை எழுதியிருக்கு, வேறை என்ன? எந்த ஊர்? நெல்லியடியோ? நெல்லியடியிலை எந்தப் பக்கம்? சும்மா கேட்டனான். எங்களுக்கும் அங்காலை சொந்தம் இருக்கு, அதுதான்.

இது என்ன ஸ்ரேசன் எண்டு யோசிக்கிறியள், என்ன? எல்லாரும் அப்பிடித்தான் யோசிப்பினம். ரெண்டு பட்டணத்துக்கும் பொதுவாய்க் கட்டினது. அந்தப் பட்டணத்துக்காரர் தங்களுக்குக் கிட்ட வேணும் எண்டு சண்டை. இந்தப் பட்டணத்துக்காரரும் சண்டை. கடைசியிலை ரெண்டு பேருக்கும் இல்லாமல் நடு வயலுக்கை கொண்டுவந்து வைச்சிட்டாங்கள். சுத்திப் பாருங்கோ. எல்லாம் சீனி எடுக்கிற கிழங்கு. ஒரு வீடு தெரியுதோ? நிக்கிற ரயில் கொஞ்சம், நிக்காமல் போறதுதான் கனக்க.

அந்தக் கோட்டைத் தாண்டாதேங்கோ எண்டு நான் சும்மா கத்தேல்லை. நான் ஒருக்காத் தாண்டினனான். கோட்டை மட்டுமில்லை, கீழை இறங்கித் தண்டவாளத்திலையே நிண்டனான். இந்த வயசிலை. வேலையாலை நிப்பாட்டப் பாத்தவை. உங்களுக்கும் நேரம் கிடக்குத்தானே, கேளுங்கோ.

எனக்கு ஒரே பிள்ளை. நிரூபா. எங்கடை இவருக்கு அந்தப் பட்டணத்திலை உருளைக்கிழங்கு ஃபக்டரியிலை வேலை கிடைச்சுத்தான் நாங்கள் பாரிசை விட்டு இஞ்சை வந்தது. இப்ப அவருக்கு நாரி ஏலாது, குனிஞ்சு நிமிர முடியாமல் வீட்டோடை. பிள்ளை நல்லாய்ப் படிச்சாள். இருக்கிறது வடக்கிலை, பெல்ஜியம் எல்லைக்குக் கிட்ட. வேலை பாரிசிலை. கடுகதி ரயிலிலை போய் வாறவள்.

மூண்டு வரியத்துக்கு முன்னம் ஒருநாள் வந்து சொல்லுறாள், அம்மா, நான் ஒருத்தரை விரும்புறன், தமிழ்ப் பொடியன் எண்டு. எனக்குச் சந்தோசம். பொய் சொல்லேல்லை, சந்தோசப்பட்டனான். வெள்ளையைக் கொண்டுவருவாளோ எண்டு நான் பயந்துகொண்டிருந்த காலம் அது. பேர் கஜீபன், எஞ்சினியர் எண்டாள். எந்த ஊர் எண்டு கேட்டன். எங்கடை ஊர்தான் எண்டாள். இன்னும் சந்தோசம். தாய்தேப்பன் ஆர் எண்டு கேட்டன். தேப்பன் இல்லை, தாய் பேர் பவளம் எண்டாள். பவளம்... எனக்கு முதல் விளங்கேல்லை. அடுப்பிலை கறியைக் கிண்டிக்கொண்டு நிக்கிறன், ஆர் பவளம் எண்டு யோசிச்சுக்கொண்டு. பேந்து விளங்கிச்சுது, ஊரிலை நாங்கள் கூப்பிட்ட பேராலை. பவளி.

நான் சாதி பாக்கிற ஆள் இல்லை, தம்பி. இதை நீங்கள் வடிவாய் விளங்கிக்கொள்ளோணும். இந்த நாட்டுக்கு வந்து எத்தினை பேரோடை வேலை செய்திருக்கிறன். ஆபிரிக்கர், அராபியர், எல்லாரோடையும் ஒரு மேசையிலை இருந்து சாப்பிட்டிருக்கிறன். எனக்கு ஒண்டும் செய்யேல்லை. ஆனால் இது வேறை. இது எங்கடை வளவிலை வேலைக்கு வந்த சனம். பவளிக்கும் எனக்கும் ஒரு வயசு. தாயோடை எங்கடை தோட்டத்திலை வெங்காயம் கிண்ட வரும். பின்னேரம் தேத்தண்ணி குடுக்கிறது. அவைக்கெண்டு தகரப்பேணி வேலியிலை கொழுவிக் கிடக்கும், அதிலை. அது அந்தக் காலத்து வழக்கம். நாங்கள் கண்டுபிடிச்சதில்லைத்தானே?

பொடியன் ஒருநாள் வீட்டை வந்தவன், எங்களோடை கதைக்க. கையிலை ஒரு பெரிய கேக்குப் பெட்டி. நான் கதவைத் திறக்கேல்லை எண்டு சனம் கதைக்குது, அது பொய். திறந்தனான். திறந்து, இவர் நித்திரை, பிறகு வாரும் எண்டு மரியாதையாய்த்தான் சொன்னன். பட்டப்பகலிலை ஆர் நித்திரை கொள்ளுறது அம்மா எண்டு நிரூபா ரெலிபோனிலை கத்தினாள். அண்டையோடை சரி. கலியாணம் கோயிலிலை நடந்ததாம். நாங்கள் போகேல்லை. அதுக்குப் பிறகு அவள் என்னோடை கதைக்கேல்லை. அம்மாதான் கதைக்கேல்லை எண்டு அவள் சொல்லித் திரியிறாளாம். விசர்க்கதை. பெத்த தாய் முதல் போன் எடுக்கிறதோ?

அவள் வேலைக்குப் போற ரயில் எல்லாம் இதாலைதான் போகும். ஒண்டும் இஞ்சை நிக்காது. எது அவளின்ரை ரயில் எண்டும் தெரியாது. நான் அதுக்காகப் பாக்கிறனான் எண்டு நினையாதேங்கோ. சத்தம் வரேக்கை கையிலை இருக்கிறதை வைச்சிட்டு நிமிந்து பாப்பன். மேசை அதிரும், கோப்பி சிந்தும், அதுக்குத்தான். பாத்தாலும் என்ன தெரியப்போகுது? ஒரு வெள்ளைக் கோடு. அவ்வளவுதான்.

போன ஆடிக்கு இஞ்சை அடிச்ச வெயில் உங்களுக்குத் தெரியும்தானே. வயலுக்கை கிழங்கு இலையெல்லாம் சுருண்டு போச்சு. இந்தக் கண்ணாடிக் கட்டிடத்துக்கை நிக்கேலாது. மத்தியானம் சாஞ்ச நேரம். நான் தண்ணிப் போத்தல் அடுக்கிக்கொண்டு நிக்கிறன். ஒரு ரயில் வந்தது. சத்தம் இல்லாமல் வந்தது. அதுதான் முதல் எனக்கு ஒரு மாதிரிப் போச்சு. மெல்ல மெல்ல, உருட்டிவிட்ட மாதிரி வந்து, நடுத் தண்டவாளத்திலை நிண்டிட்டுது.

இஞ்சை நாலு தண்டவாளம், கண்டனீங்கள்தானே. ஓரத்திலை ரெண்டும் நிக்கிற ரயிலுக்கு, பிளாட்போம் இருக்கு. நடுவிலை ரெண்டும் நிக்காத ரயிலுக்கு. அதுக்குப் பிளாட்போம் கிடையாது. நடுவிலை ரயில் நிண்டதை நான் அண்டைக்குத்தான் முதல்முதல் கண்டன்.

மேலை போற கரண்ட் வயர் எங்கையோ அறுந்து போச்சாம். முதல் கொஞ்ச நேரம் பகிடி. உள்ளுக்கை இருந்த சனம் எங்களைப் படமெடுக்குது, பிளாட்போமிலை நிண்ட சனம் அதுகளைப் படமெடுக்குது. பேந்து பகிடி விட்டுப்போச்சு. அந்த ரயிலுக்கு ஜன்னல் திறக்கேலாது, தம்பி. கரண்ட் இல்லையெண்டால் குளிர்க்காத்தும் இல்லை. போத்தலுக்கை பூச்சியை அடைச்சு வெயிலிலை வைச்ச மாதிரி. ஆம்பிளையள் சேட்டைக் கழட்டினாங்கள். ஒரு கிழவன் கண்ணாடியிலை கையாலை அடிக்கிறார், சத்தமே வரேல்லை. பிள்ளையள் வாயைத் திறந்து அழுகுது, அதுவும் கேக்கேல்லை.

செத்ரிக் எண்டு இந்த ஸ்ரேசன் பொறுப்பாளர். நல்ல பொடியன். என்னை மாதாம் மங்கா எண்டுவான். மங்கையற்கரசி எண்ட பேர் அவன்ரை வாயிலை வராது. அவன் ரெண்டு காதிலையும் போனை வைச்சுக்கொண்டு அங்கையும் இஞ்சையும் ஓடுறான். கதவைத் திறக்கச் சொல்லன் எண்டன். தலைமைக் கந்தோரிலை இருந்து சொல்லாமல் திறக்கேலாதாம். டீசல் எஞ்சின் ஒண்டு வருதாம், இந்த ஓரத் தண்டவாளத்தாலை வந்து, முன்னுக்குப் போய்க் கொழுவி, இழுத்துக்கொண்டு போகுமாம். அது வாற நேரத்திலை ஒரு சனமும் கீழை இறங்கக்கூடாதாம். எப்ப வரும் எண்டு கேட்டன். வெளிக்கிட்டிட்டுது எண்டான். அவ்வளவுதான் அவனுக்கும் தெரியும்.

நான் ரெண்டு கையிலையும் தண்ணிப் போத்தலோடை பிளாட்போமிலை நடக்கிறன். ஏன் நடக்கிறன் எண்டு எனக்கே தெரியாது. குடுக்க வழியில்லை. பெட்டி பெட்டியாய்ப் பாத்துக்கொண்டு போறன்.

கண்டன்.

தலைமயிரை உச்சியிலை சுருட்டி, அதுக்கை பேனையைக் குத்தி வைக்கிற பழக்கம் அவளுக்குப் பள்ளிக்கூடத்திலை இருந்து. கண்ணாடியிலை தலையைச் சாய்ச்சுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறாள். எனக்கும் அவளுக்கும் நடுவிலை இந்த மேசைக்கும் அந்த வாசலுக்கும் உள்ள தூரம். அவ்வளவுதான், தம்பி. நிரூ, நிரூ எண்டு கத்துறன், போத்தலை ஆட்டுறன். எப்பிடியோ கண் திறந்தாள். என்னைக் கண்டாள். கண்டிட்டு, முகத்தை மற்றப் பக்கம் திருப்பினாள்.

வெயில் கண்ணுக்கை அடிச்சிருக்கும். அதுதான் திருப்பியிருப்பாள். நான் அண்டைக்கும் அப்பிடித்தான் நினைச்சனான், இப்பவும் அப்பிடித்தான் நினைக்கிறன்.

பேந்து எழும்பி நிண்டாள். சீற்றைப் பிடிச்சுக்கொண்டு, மெல்ல. அப்பதான் கண்டன். என்ரை பிள்ளைக்கு வயிறு. சின்ன வயிறு இல்லை. அந்த வயித்தைக் கண்டால் எந்தப் பொம்பிளையும் சொல்லுவாள், ஏழு மாசம் எண்டு.

ஒரு தாய் இதை இப்பிடியோ அறியிறது? சொல்லுங்கோ. ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கும், வேலையிடத்திலை தெரிஞ்சிருக்கும், ரயிலிலை பக்கத்திலை இருக்கிறவனுக்குக் கூடத் தெரியும். எனக்குத் தெரியாது. நான் கண்ணாடிக்கு வெளியாலை தண்ணிப் போத்தலோடை நிக்கிறன்.

நிண்டவள் அப்பிடியே காணாமல் போனாள். விழுந்திட்டாள். பக்கத்திலை கஜீபன் குனியிறான், நிமிருறான், கத்துறான், ஜன்னலைக் குத்துறான். அவனுக்குப் பின்னாலை ஒரு மனிசி. நரைச்ச தலை, பூப்போட்ட சட்டை. கைலேஞ்சியை நனைச்சு அவளின்ரை கழுத்திலை வைக்கிறா. முப்பது வரியத்துக்கு மேலை காணாத முகம். எண்டாலும் எனக்கு ஒரு நொடி செல்லேல்லை. பவளி.

நான் செத்ரிக்கிட்டை ஓடினன். பிள்ளைத்தாச்சி, என்ரை மகள், கதவைத் திற எண்டன். அவன் அம்புலன்சுக்கு உடனை அடிச்சான். ஆனால் கதவு? எஞ்சின் கிட்ட வந்திட்டுது மாதாம், அது போகட்டும், கொஞ்சம் பொறுங்கோ எண்டான். கொஞ்சம் எண்டால் எவ்வளவு? இந்த ஸ்ரேசனிலை எல்லாருக்கும் எல்லாம் கொஞ்சம்தான். பஸ் கொஞ்சத்திலை வரும், ரயில் கொஞ்சம் பிந்தும்.

திரும்பிப் பாக்கிறன், கஜீபன் கதவடிக்கு வந்திட்டான். அவசரத்துக்கு இழுக்கிற பிடியை இழுத்திட்டான் போலை. கதவை ரெண்டு கையாலும் பிரிக்கிறான். திறந்திட்டுது. திறந்த உடனை உள்ளுக்கை இருந்த சனம் முழுக்கக் கதவடிக்கு நெரியுது. கீழை பாத்தால் உயரம், தம்பி, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைய. கீழை முழுக்கக் கருங்கல்லு. அவன் என்னைக் கண்டிட்டான்.

நான் பிளாட்போம் விளிம்பிலை இருந்தன். காலைத் தொங்கப் போட்டன். இறங்கினன். பின்னாலை செத்ரிக் குழறுறது கேக்குது, மாதாம் மங்கா, நோ, நோ எண்டு. ஒரு செருப்பு கல்லுக்கை போச்சு. தடுமாறித் தண்டவாளத்திலை கையை வைச்சன். வெயிலிலை காஞ்ச இரும்பு. இந்தா, உள்ளங்கையிலை பாருங்கோ, இன்னும் மாறேல்லை. அந்த நேரம் சுட்டது எனக்குத் தெரியாது.

மேலை கதவிலை என்ன நடக்குது எண்டால், பவளம் ரெண்டு கையையும் அகட்டி விரிச்சுக்கொண்டு, சனத்துக்கு முன்னாலை நிக்கிறா. தமிழிலை கத்துறா. "பொறுங்கோ! ஒருத்தரும் வரக்கூடாது! பிள்ளைத்தாச்சி முதல்!" எல்லாம் வெள்ளையள். ஒரு சொல்லு விளங்கியிருக்காது. எண்டாலும் ஒருத்தரும் அவவைத் தாண்டேல்லை. பொய் சொல்லக்கூடாது, அந்தக் குரல் இல்லாட்டில் சனம் அவளை மிதிச்சுக்கொண்டு குதிச்சிருக்கும்.

கஜீபன் அவளின்ரை கமக்கட்டுக்கை கையைக் குடுத்து இறக்குறான். கீழை நான். அவளுக்குப் பாதி நினைவு. தலை ஆடுது. அந்த வயிறு என்ரை முகத்துக்கு நேரை.

"அம்மா, பிடியுங்கோ. விட்டிடாதேங்கோ."

என்னைத்தான் அம்மா எண்டான். அந்த அவசரத்திலை வேறை என்னெண்டு கூப்பிடுறது?

"நான் பிடிச்சிட்டன். நீர் விடும்," எண்டன்.

அவன் விடேல்லை. நான் வடிவாய்ப் பிடிச்சிட்டனோ எண்டு குனிஞ்சு பாத்திட்டுத்தான் விட்டான். விட்டிட்டு அவனும் குதிச்சான். அப்பதான் கேட்டுது, எஞ்சின் ஊதுற சத்தம்.

நாங்கள் நிக்கிறது அது வாற தண்டவாளத்திலை. அவன் தோள்பக்கம், நான் கால்பக்கம். கல்லு உருளுது. எனக்கு ஒரு கால் வெறுங்கால். சத்தம் கிட்ட வருது, திரும்பிப் பாக்கப் பயம். பிளாட்போமிலை நிண்ட ரெண்டு வெள்ளைக்காரப் பொடியள் படுத்துக்கொண்டு கையை நீட்டினாங்கள். தூக்கி மேலை குடுத்தம். பேந்து கஜீபன் ஏறினான். ஏறித் திரும்பி என்னை இழுத்தான். என்ரை சுட்ட கையைப் பிடிச்சுத்தான் இழுத்தான், அப்பதான் எனக்கு நோ தெரிஞ்சு கத்தினன்.

செத்ரிக் பிளாட்போம் நுனிக்கு ஓடிப்போய் ரெண்டு கையையும் விரிச்சு ஆட்டி எஞ்சினை நிப்பாட்டிப்போட்டான். அவன் சொல்லுவான், அது வயலின்ரை அந்தத் தொங்கலிலையே நிண்டிட்டுது, உங்களுக்கு ஒண்டும் நடந்திருக்காது எண்டு. நான் நிண்ட இடத்திலை நிண்டு பாக்கோணும் அவன். எனக்கு அது முதுகுக்குப் பின்னாலை.

அம்புலன்ஸ் வந்திட்டுது. ஒரு ஆள்தான் கூட ஏறலாம் எண்டாங்கள். நான் தாய் எண்டு சொல்லி ஒரு காலைத் தூக்கி வைச்சிட்டன். நிரூபா கண்ணைத் திறந்தாள். முகத்திலை ஒக்சிசன் மூடி. அதைக் கையாலை விலக்கிப்போட்டு அந்தாளுக்குப் பிரெஞ்சிலை சொன்னாள், என்ரை மனுசன் வரட்டும் எண்டு. பேந்து என்னைப் பாத்துத் தமிழிலையும் சொன்னாள். "கஜன் வரட்டும்."

நான் காலை எடுத்தன். கதவைச் சாத்தினாங்கள். போட்டுது.

அதுக்குப் பிறகு தீயணைப்புக்காரர் வந்து, எஞ்சினை அங்கையே மறிச்சு வைச்சுக்கொண்டு, பலகை போட்டு மற்றச் சனத்தை ஒவ்வொருத்தராய் இறக்கினாங்கள். இந்த மண்டபம் நிறையச் சனம். நிலத்திலை படுத்துக் கிடக்குதுகள். நான் தண்ணி குடுத்துக்கொண்டு திரியிறன். வேறை என்ன செய்யிறது? சும்மா நிண்டால் விசர் பிடிக்கும்.

அந்தா, அந்தத் தூணடியிலை பவளம். மூண்டு பேரின்ரை பையையும் தோளிலையும் கையிலையும் கொழுவிக்கொண்டு நிக்கிறா. பக்கத்திலை வாங்கு, அதிலை இடம் இருக்கு. இருக்கேல்லை. நான் அங்காலை போறன், நிக்கிறா. திரும்பி வாறன், நிக்கிறா.

எனக்கு விளங்கிச்சுது. எங்களுக்கு முன்னாலை இருக்கிற பழக்கம் அதுகளுக்கு இல்லை. எத்தினை வரியம் போனாலும் அது உடம்பிலை ஊறினதுதானே. எனக்கு ஒரு மாதிரிப் போச்சு. பாவமாயும் இருந்தது. இது பிரான்ஸ், இஞ்சை என்ன இருக்கு எண்டு நினைச்சன். கிட்டப் போனன். வாயைத் திறந்தன். நாக்கு நுனியிலை 'இரு' எண்டுதான் வருது. சின்னனிலை இருந்து அப்பிடித்தானே சொல்லிப் பழக்கம். அதை விழுங்கினன். 'இரும்' எண்டு வந்தது. அதையும் விழுங்கினன். சனம் சுத்தி முணுமுணுக்குது, நான் ஊமை மாதிரி அவவுக்கு முன்னாலை நிக்கிறன்.

"இருங்கோ," எண்டன் கடைசியிலை.

அவ என்னைப் பாத்தா. "இருக்கேலாது," எண்டா. "முழங்கால் ஒப்பிரேசன் செய்தது. இருந்தால் எழும்ப ஆள் வேணும். மோன் போன் எடுத்தானெண்டால் நான் உடனை ஓடவேணும்."

முழங்கால் எண்டுதான் சொன்னா. எண்டாலும் மரியாதையும் கொஞ்சம் இருந்திருக்கும்.

பையை வாங்கி வாங்கிலை வைச்சன். என்ரை தேயிலையிலை தேத்தண்ணி ஊத்திக் கொண்டுவந்து குடுத்தன். கையிலை வாங்கி, கப்பைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. "கடதாசியோ?" எண்டு கேட்டிட்டு ஒரு சிரிப்புச் சிரிச்சா. ஏன் சிரிச்சவ எண்டு எனக்கு விளங்கேல்லை. இஞ்சை எல்லாருக்கும் கடதாசிக் கப்தானே. நானும் அதிலைதான் குடிக்கிறனான்.

பேந்து அவதான் கதைச்சா.

"நீங்கள் இறங்குவியள் எண்டு நான் நினைக்கேல்லை."

"என்ரை பிள்ளையெல்லோ," எண்டன்.

"ஓம். அந்த வயித்திலை இருக்கிறது எங்கடையும்தான்."

உண்மைதானே. அந்த 'எங்கடை'யைத்தான் நான் அதுவரைக்கும் யோசிக்கேல்லை. கண்ணாடிக்கு வெளியாலை நிண்டு வயித்தைக் கண்ட நேரம் தொட்டு, அது என்ரை பேரப்பிள்ளை எண்டுதான் நினைச்சுக்கொண்டு நிண்டனான். அதுக்கு இன்னொரு அம்மம்மா, இல்லை, அப்பம்மா, அதுவும் இருக்கு எண்டு நினைவு வரேல்லை.

போன் அடிச்சது. அவவின்ரை போன்தான். கப்பை என்னட்டைத் தந்தா. சத்தமாய்ப் போட்டா, நானும் கேக்கட்டும் எண்டு.

"அம்மா, பயப்பிடாதேங்கோ. பிள்ளைக்கு ஒண்டும் இல்லை. இதயத்துடிப்பு வடிவாய்க் கேக்குது. நிரூவுக்குச் சேலைன் ஏத்துகினம். ரெண்டொரு நாள் வைச்சுப் பாப்பினமாம்."

நான் வாங்கின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டன். பவளம் வாயை மூடிக்கொண்டு அழுகிறா. அப்ப போனுக்குப் பின்னாலை இருந்து என்ரை பிள்ளையின்ரை குரல். மெல்லிசாய், களைச்ச குரல்.

"அம்மா சாப்பிட்டவவோ எண்டு கேளுங்கோ."

நாங்கள் ரெண்டு பேரும் அப்பிடியே நிண்டிட்டம். எந்த அம்மா எண்டு அவள் சொல்லேல்லை.

பவளம் என்னைப் பாத்தா. "உங்களைத்தான் கேக்கிறாள்," எண்டு சொல்லிப் போனை என்ரை வாய்க்குக் கிட்ட நீட்டினா.

எனக்குத் தெரியும், தம்பி. பவளத்துக்குச் சீனி வருத்தம், நேரத்துக்குச் சாப்பிட்டு மருந்து போடோணும். கைப்பைக்குள்ளை பாணும் மருந்தும் இருந்ததை நான்தானே பிறகு எடுத்துக் குடுத்தனான். அவவைத்தான் என்ரை மகள் கேட்டது. அது அவவுக்கும் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் போனை எனக்கு நீட்டினா.

"ஓம், நான் சாப்பிட்டனான்," எண்டன்.

வைச்சிட்டாளோ எண்டு பயந்து போனன். பேந்து, "சரி" எண்டாள்.

ரெண்டு வரியத்துக்குப் பிறகு என்ரை பிள்ளை எனக்கெண்டு சொன்ன சொல்லு அது ஒண்டுதான். மற்றது, கஜன் வரட்டும் எண்டது. அதைக் கணக்கிலை எடுக்கேலாது.

பின்னேரம் வீட்டை போய், மனுசனிட்டைச் சொன்னன், நிரூவுக்கு வயித்திலை பிள்ளையப்பா எண்டு. அவர் ரீவியிலை இருந்து கண்ணை எடுக்காமல், "ஓம், பொம்பிளைப் பிள்ளையாம்," எண்டார். சொல்லிப்போட்டு, சொல்லியிருக்கக் கூடாது எண்டு அவருக்கே விளங்கிச்சுது. எப்பிடித் தெரியும் எண்டு நான் கேக்கேல்லை. கேட்டால் மறுமொழி சொல்லுவார், அதுதான் கேக்கேல்லை. கைக்கு மருந்து பூசிப்போட்டுப் படுத்திட்டன்.

புரட்டாதியிலை பிள்ளை பிறந்தது. பொம்பிளைப் பிள்ளைதான். பிள்ளையின்ரை முப்பத்தொண்டாம் நாள் சடங்குக்கு வரச்சொல்லி என்னட்டை ஆர் சொன்னது எண்டு நினைக்கிறியள்? நிரூபா இல்லை. பவளம்தான் போன் எடுத்தா. லீவு கேட்டுப் பாக்கிறன் எண்டன். இவர் முதல்நாளே சேட்டு மினுக்கி வைச்சிட்டார்.

போனம். சின்ன வீடு, நிறையச் சனம். நான் கதிரையிலை இருந்தன். பவளம் எல்லாருக்கும் சொல்லுறா, இவதான் சம்பந்தி எண்டு. பிள்ளையைக் கொண்டுவந்து என்ரை மடியிலை வைச்சவள் நிரூபா. வைச்சாள், திருப்பி எடுக்கேல்லை. அது என்ரை விரலைப் பிடிச்சுக்கொண்டு நித்திரையாய்ப் போச்சு.

பேந்து சாப்பாடு. அவவின்ரை கையாலை சமைச்சது, சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். எங்கடை ஆக்கள் ஒருத்தரும் அந்த வீட்டுச் சோறு சாப்பிட்டதில்லை, நான் அறிய. சோத்துக் கோப்பையைக் கொண்டுவந்து என்ரை கையிலை தந்திட்டுப் பவளம் அங்காலை போகேல்லை, நிண்டா. முழங்காலாலை இல்லை, இந்தமுறை எனக்குத் தெரியும். கதைச்சுக்கொண்டிருந்த சனம் கதையை நிப்பாட்டிப்போட்டுது. கஜீபன் தண்ணிப் போத்தலை மூடாமல் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். நிரூபா பிள்ளையைத் தோளிலை போட்டுக்கொண்டு அறை வாசலிலை. அவள் என்ரை முகத்தைப் பாக்கேல்லை. கையைப் பாத்துக்கொண்டு நிக்கிறாள்.

பிசைஞ்சு ஒரு வாய் வைச்சன். உப்புக் கூட, தம்பி. நல்லாய்க் கூட. சொல்ல வாய் உன்னிச்சுது. ஆற்றை சமையல் எண்டாலும் நான் சொல்லாமல் விடுறதில்லை, இவருக்குத் தெரியும், அவர் அங்கையிருந்து என்னையே பாக்கிறார்.

விழுங்கினன். அடுத்த வாய் வைச்சன். கோப்பை வழிச்சுத் துடைச்ச மாதிரி ஆகினாப்பிறகு பவளத்துக்கு நேரை நீட்டினன்.

"இன்னும் ரெண்டு கரண்டி போடுங்கோ," எண்டன்.